வழுவை உரைப்போரும் தீர்ப்போரும்: மென்பொருள் வழுப் பதிவேடுகளின் வரலாற்றில் இடைநிலையாளரின் இடம்

ஆய்வுச்சுருக்கம்

மென்பொருளின் வழுவைக் கண்ட பயனர் அதை எழுதிவைக்கும் இடமும், அதைத் திருத்தும் நிரலாளர் தம் வேலையை ஒழுங்குசெய்துகொள்ளும் இடமும் ஒன்றே என்ற நிலை 1990களில் திறந்த மூல மென்பொருள் இயக்கத்தால் உருவானது. அதுவரை இவ்விருவருக்கும் நடுவில் நின்று ஒருவர் சொல்லை மற்றவருக்குப் பொருளாக்கித் தந்த இடைநிலையாளர் அப்போது விலக்கப்பட்டார். பதிவேட்டை இரு தரப்பினரும் எளிதில் பயன்படுத்தச் செய்யும் முயற்சிகள் பெரும்பாலும் படிவத்தைத் திருத்துவனவாகவே அமைந்தன. அவற்றுள் பயன் தந்தவை, விலக்கப்பட்ட அந்த இடைநிலையாளரை வேறொரு வடிவில் மீட்டுக்கொண்டவையே என்பதை டெபியன், மோசில்லா, கிட்ஹப், விக்கிமீடியா ஆகியவற்றின் வரலாறு வழி இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: வழு, வழுப் பதிவேடு, பக்சில்லா, திறந்த மூல மென்பொருள், பயனர், நிரலாளர், விக்கிமீடியா.

சொல்லும் பாகுபாடும்

கணினி நிரலில் நேரும் பிழையைக் குறிக்கத் தமிழ்க் கணிமையில் ‘வழு’ என்ற சொல் வழங்குகிறது. இச்சொல்லைத் தெரிவு செய்தோர் எண்ணிச் செய்தனரோ இல்லையோ, இலக்கண மரபிலிருந்து வந்த அச்சொல் தன்னுடன் ஒரு பாகுபாட்டையும் கொண்டுவந்துள்ளது. நன்னூல் பொதுவியல் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழிடத்து வழுவை எடுத்துரைக்கிறது; வழுவேயாயினும் காரணம் பற்றி அமைத்துக்கொள்ளப்படுவதை வழுவமைதி எனத் தனியே வைக்கிறது. ஒரே தொடர், காரணம் அறியாதவருக்கு வழுவாகவும் அறிந்தவருக்கு வழுவமைதியாகவும் நிற்கும். மென்பொருளிலும் சிக்கல் இதுவே. பயனர் வழு என்று கொண்டுவருவதை நிரலாளர் ‘அது அப்படித்தான் வடிவமைக்கப்பட்டது’ என்கிறார். எது வழு என்பதை அறுதியிடும் உரிமை யாருக்கு உரியது என்ற வினாவே பதிவேடுகளின் வரலாறு முழுவதும் தொடர்ந்து வருகிறது.

ஆங்கிலத்தில் பூச்சி என்று பொருள்படும் ‘பக்’ என்ற சொல் பொறியியல் கோளாறைக் குறிக்க 1878ஆம் ஆண்டிலேயே எடிசனின் கடிதத்தில் ஆளப்பட்டுள்ளது. எனினும் பலரும் எடுத்துக்காட்டுவது ஹார்வர்டு மார்க் 2 கணிப்பொறியின் குறிப்பேட்டையே. 1947 செப்டம்பர் 9 அன்று அக்கணிப்பொறியின் மின்காந்த விசைமாற்றி ஒன்றில் சிக்கியிருந்த விட்டிற்பூச்சியை எடுத்துக் குறிப்பேட்டுத் தாளிலேயே ஒட்டிவைத்தனர். அக்குறிப்பேடு இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்து அருங்காட்சியகத்தில் உள்ளது. வேடிக்கைச் செய்தியாகவே சொல்லப்பட்டுவரும் இந்நிகழ்வில் வரலாற்றாய்வாளர் கருதத்தக்க கூறு வேறொன்று. கோளாறைக் கண்டவரும் தேடியவரும் நீக்கியவரும் எழுதியவரும் ஒரே அறையில் இருந்தோர். ஒரு குறிப்பேடு அவர்கள் அனைவருக்கும் போதுமானதாயிருந்தது.

மென்பொருள் விற்பனைப் பொருளானபோது அந்த அறை இரண்டாயிற்று. வாடிக்கையாளர் தம் குறையை நிறுவனத்தின் சேவைப் பணியாளரிடம் கூறினார். அவர் அதை நிறுவனத்தின் உள்பதிவேட்டில் நிரலாளரின் மொழியில் எழுதினார். பதிவேடு வாடிக்கையாளரின் கண்ணில் படவே இல்லை. ஒளிவுமறைவான ஏற்பாடுதான். ஆனால், ‘திரை உறைந்துவிட்டது’ என்ற சொல்லைக் கேட்டு, எந்தப் பதிப்பு, எந்தக் கட்டளைக்குப் பின், எத்தனை முறை எனக் கேள்வி கேட்டு நிரப்பும் ஒருவர் ஊதியத்துடன் நடுவில் அமர்ந்திருந்தார் என்பதை மறந்துவிடக் கூடாது.

மின்னஞ்சல் வழி வந்த திறப்பு

இந்தச் சுவரை உடைத்த தொடக்கக் கருவிகளுள் ஒன்று 1992இல் தோன்றிய நேட்ஸ். குனூ திட்டத்திற்கென சிக்னஸ் நிறுவனத்தைச் சேர்ந்தோர் உருவாக்கிய இம்மென்பொருள், சிக்கல் அறிக்கைகளை மின்னஞ்சலாகப் பெற்று எண்ணிட்டு வகைப்படுத்தியது. ஃபிரீபிஎஸ்டி இயங்குதளத் திட்டம் 2014 வரை இதையே பயன்படுத்தியது. இதன் நிலைக்குறிப்புகளில் ஒன்று தனிக் கவனத்திற்குரியது. திருத்தம் செய்யப்பட்டவுடன் ஓர் அறிக்கை முடிந்ததாகக் கொள்ளப்படவில்லை. ‘பின்னூட்டம்’ என்ற நிலைக்கு அது சென்றது. அறிக்கை அனுப்பியவர் திருத்தத்தைச் சோதித்து விடை கூறும்வரை அங்கே காத்திருந்தது. வழு தீர்ந்ததா என்று சொல்லும் தகுதி அதை அனுபவித்தவருக்கு இருந்ததாகவே அவ்வமைப்பு கருதியது.

1994இல் இயன் ஜாக்சன் எழுதிய டெபியன் வழு அமைப்பும் மின்னஞ்சலையே வாயிலாகக் கொண்டது. மடலின் தொடக்கத்தில் பொதியின் பெயரையும் பதிப்பையும் இரு வரிகளில் குறித்தால் போதும். கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. பராமரிப்பாளர் அறிக்கையை மூடும்போது எழுதும் விளக்கம் அனுப்பியவருக்கும் சென்று சேரும். அவர் உடன்படாவிடில் மீண்டும் திறக்கலாம். 1997இல் டெபியன் ஏற்றுக்கொண்ட சமூக ஒப்பந்தம், வழுக்களை மறைப்பதில்லை என்பதையும் பதிவேடு முழுவதும் எப்போதும் பொதுப் பார்வைக்குத் திறந்திருக்கும் என்பதையும் உறுதிமொழியாகவே சேர்த்தது. உற்பத்தியாளர் தம் குறைகளின் பட்டியலைத் தாமே பொதுவில் வைப்பதை அறநிலையாக அறிவித்த ஆவணம் என்ற வகையில் அது மென்பொருள் வரலாற்றில் உயரிய இடத்தைப் பெறத்தக்கது.

ஆயினும் டெபியனின் எளிமைக்கு ஒரு காரணம் இருந்தது. 1990களில் டெபியனை நிறுவிப் பயன்படுத்தியோரில் பெரும்பாலோர் தாமே நிரல் அறிந்தோர். அறைகள் இரண்டானாலும் இரண்டிலும் பேசப்பட்ட மொழி ஏறத்தாழ ஒன்றே. சோதனை வேறிடத்தில் காத்திருந்தது.

பக்சில்லாவும் ஐந்து சொற்களும்

1998 மார்ச் 31 அன்று நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியின் மூலநிரலை வெளியிட்டு மோசில்லா திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டில் டெர்ரி வைஸ்மன் எழுதிய பக்சில்லா பொதுப் பயன்பாட்டிற்கு வந்தது. நெட்ஸ்கேப்பின் உள்பதிவேட்டிற்கு மாற்றாகத் தோன்றிய அது, உள்பதிவேட்டின் மனப்போக்கையும் உடன் கொண்டுவந்தது. கூறு, கடுமை, முன்னுரிமை, வன்பொருள், இயங்குதளம், பொறுப்பாளர் எனக் கட்டங்கள் நிறைந்த படிவம், ஒரே கட்டடத்தில் பணிபுரியும் பொறியாளர்களுக்குப் பொருத்தமானதே. உலாவியைப் பயன்படுத்துவோரோ உலகெங்கும் இருந்தனர். ஒரு பக்கத்தின் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன எனக் கண்ட ஆசிரியர் ஒருவர், அது ‘அமைப்பாக்கம்’ என்ற கூற்றின்கீழ் வருமா, ‘எழுத்துரு’ என்பதன்கீழ் வருமா என்று எவ்வாறு அறிவார்?

படிவத்தைவிட ஆழமாகப் பயனரைத் தைத்தவை முடிவுச் சொற்கள். பக்சில்லாவில் ஓர் அறிக்கை ஐந்து வகைகளில் ஒன்றாகப் பெரும்பாலும் முடிவுறும்: ‘ஃபிக்ஸ்டு’, ‘இன்வேலிட்’, ‘வோன்ட்ஃபிக்ஸ்’, ‘டூப்ளிகேட்’, ‘வொர்க்ஸ்ஃபார்மீ’. முதலாவது சரிசெய்யப்பட்டது என்பது. நிரலாளர்களுக்குள் ‘இன்வேலிட்’ என்பது இவ்வறிக்கையின் மேல் செய்யத்தக்க வேலை எதுவும் இல்லை என்று மட்டுமே பொருள்படும். எழுதியவருக்கோ ‘உன் சொல் செல்லாது’ என்ற தீர்ப்பாக அது ஒலித்தது. ‘வோன்ட்ஃபிக்ஸ்’ என்பது நாம் மேலே கண்ட வழுவமைதிக்கு நெருங்கியது. ஆனால் வழுவமைதி காரணத்தைக் கூறி அமைதி காண்கிறது. இச்சொல்லோ சரிசெய்ய மாட்டோம் என்று கதவைச் சாத்துகிறது. ‘என்னிடம் வேலை செய்கிறது’ என்ற கடைசிச் சொல், ஒருவர் கண்டதாகச் சொன்னதை மற்றொருவர் காணவில்லை என்ற முரணை அப்படியே விட்டுவிட்டு அறிக்கையை மூடியது. பிற்காலத்தில் கேடிஈ திட்டம் இவற்றுள் ‘இன்வேலிட்’, ‘வோன்ட்ஃபிக்ஸ்’ ஆகிய இரண்டை ‘வழு அன்று’, ‘எண்ணிச் செய்தது’ என்னும் பொருள்தரும் சொற்களாக மாற்றிக்கொண்டது. சொல்லின் கூர்மை உணரப்பட்டதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

திருத்தத்திற்குப் பிந்தைய நிலையிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. நேட்ஸில் பயனரின் விடைக்காகக் காத்திருந்த இடத்தில், பக்சில்லா ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற நிலையை வைத்து அதைத் தரச் சோதனைக் குழுவினரிடம் ஒப்படைத்தது. கடைசிச் சொல் பயனரின் கையை விட்டுப் போயிற்று. பதிவேடு முன்னைவிட அகலத் திறந்த அதே காலத்தில் இது நேர்ந்தது என்பது கருதத்தக்கது.

அறிக்கைகள் குவிந்தன. 1999 ஜூலையில் மோசில்லாவின் பதிவேட்டில் சுருக்கிக்கூடப் பார்க்கப்படாத திறந்த அறிக்கைகள் 370க்கும் மேல் நின்றன. இன்று சிறிதாகத் தோன்றும் இவ்வெண்ணிக்கை அன்று நெட்ஸ்கேப் பொறியாளர்களை அச்சுறுத்தியது. ‘இந்தப் பக்கத்தை அச்சிட்டால் உலாவி முடங்குகிறது’ என்று பயனர் ஒரு முகவரியைத் தருவார். அப்பக்கமோ நூற்றுக்கணக்கான வரிகள் கொண்டது. முடக்கத்திற்குக் காரணமான வரியைக் கண்டுபிடிப்பது நிரலாளரின் ஒரு நாளை விழுங்கிவிடும். எனவே நெட்ஸ்கேப் தன்னார்வலரை அழைத்தது. பக்கத்தின் வரிகளை ஒவ்வொன்றாக நீக்கி, வழு தோன்றுவதற்கு இன்றியமையாத பகுதியை மட்டும் மிச்சப்படுத்தித் தருமாறு அவ்வழைப்பு வேண்டியது. ஐந்து அறிக்கைகளைச் சுருக்கியவருக்கு வெளியீட்டு விருந்திற்கு அழைப்பு. இருபதைச் சுருக்கியவருக்குப் பொறியாளர்கள் கையெழுத்திட்ட சட்டை. இதற்கு நிரலெழுதும் அறிவு தேவையில்லை. பொறுமையும் உரைத்தொகுப்பானும் போதும்.

இவ்வழைப்பில்தான் மறைந்துபோன இடைநிலையாளர் மீண்டும் தோன்றுகிறார். ஊதியமில்லை, ஆயினும் வேலை அதே வேலை. பயனரின் அனுபவத்தை நிரலாளரின் கைப்பொருளாக மாற்றுதல்.

அவ்வழைப்பு ஓர் ஆய்வுக்கும் வித்திட்டது. மனிதர் இயந்திரம்போல் செய்யும் இச்சுருக்குதலை இயந்திரத்திடமே விடலாமே என்று கருதிய ஆந்திரியாஸ் செல்லரும் ரால்ஃப் ஹில்டெபிராண்டும் ‘டெல்டா பிழைநீக்கம்’ எனப்படும் வழிமுறையை வகுத்தனர். 2002இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் மோசில்லாவே எடுத்துக்காட்டாக அமைந்தது. 95 பயனர் செயல்களுக்குப் பின் உலாவி முடங்கிய நிகழ்வை அக்கருவி மூன்று செயல்களாகச் சுருக்கியது. 896 வரி கொண்ட பக்கத்தை, முடக்கத்திற்குக் காரணமான ஒரே வரியாகக் குறைத்தது. 139 சோதனை ஓட்டங்களில், 35 நிமிடங்களில் இது முடிந்தது. பயனரின் குறைபாடாகவே எண்ணப்பட்டுவந்த ‘தெளிவற்ற அறிக்கை’ உண்மையில் செய்யப்படாத ஓர் உழைப்பின் பெயர் என்பதை இதனினும் நன்கு காட்டும் நிகழ்வு அரிது.

அறிவுரையின் எல்லை

நிரலாளர் தரப்பு பயனருக்கு எழுதக் கற்பிக்கவும் முனைந்தது. புட்டி மென்பொருளின் ஆசிரியர் சைமன் டாத்தம் 1999இல் எழுதிய, வழுவைத் திறம்பட அறிவித்தல் பற்றிய கட்டுரை பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. 2000இல் ஜோயல் ஸ்பால்ஸ்கி, நல்ல அறிக்கைக்கு மூன்று கூறுகள் போதும் என்றார்: வழுவை மீண்டும் தோற்றுவிக்கும் படிகள், எதிர்பார்த்தது, கண்டது. இவ்வறிவுரைகள் தெளிவானவை, இன்றும் செல்லுபடியாகின்றன. ஆனால் அவற்றைத் தேடிப் படிப்பவர் முன்பே பாதி நிரலாளராகிவிட்டவர்.

இதனை 2008இல் நிக்கோலஸ் பெட்டன்பர்க் முதலானோர் வெளியிட்ட ஆய்வு அளந்து காட்டிற்று. அப்பாச்சி, எக்லிப்ஸ், மோசில்லா ஆகிய திட்டங்களின் நிரலாளரும் அறிக்கையாளருமாக 466 பேரின் விடைகளை அவர்கள் தொகுத்தனர். நிரலாளர் மிகுதியும் வேண்டுவன மீள்தோற்றப் படிகள், நிரல் முறிந்த இடத்தைக் காட்டும் அழைப்புத் தடம், சோதனை எடுத்துக்காட்டு ஆகியன. இவையே பயனர் தருவதற்கு மிகக் கடினமானவை என்பது மறுபாதியில் வெளிப்பட்டது. ஆகவே இடைவெளி அக்கறையின்மையால் வந்ததன்று. 2010இல் சில்வியா பிரூ முதலானோர் மோசில்லா, எக்லிப்ஸ் பதிவேடுகளின் 600 அறிக்கைகளிலிருந்து 947 கேள்விகளைப் பிரித்தெடுத்து ஆராய்ந்து, அறிக்கை அனுப்பிய பின்னும் பயனரின் பங்கேற்பு தொடர வேண்டியிருப்பதை எடுத்துக்காட்டினர். பதிவேட்டைப் படிவமாகக் காண்பதைவிட உரையாடலாகக் காண்பதே பொருந்தும் என்பதற்கு அவ்வாய்வு நல்ல ஆதாரம்.

அதே ஆண்டில் ஆண்ட்ரூ கோவும் பர்மித் சிலானாவும் மோசில்லாவின் பதிவேட்டை ஆராய்ந்து வந்தடைந்த முடிவு கசப்பானது. திறந்த பதிவேட்டின் பயன், மக்கள் திரளின் அறிக்கைகளால் விளைவதைவிட, அத்திரளிலிருந்து திறமிக்க சில அறிக்கையாளரைக் கண்டெடுப்பதால் விளைவதே மிகுதி என்றனர். இம்முடிவைக் கொண்டு பொதுப்பயனருக்குக் கதவைச் சாத்திவிடலாம் என வாதிடுவோர் உண்டு. அவ்வாதம் ஏற்கத்தக்கதன்று. திறமிக்கவர் யாரென்று முன்கூட்டித் தெரியாதவரை, அனைவருக்கும் திறந்த கதவின் வழியேதான் அவரும் நுழைய முடியும்.

எது வழு என்ற தொடக்க வினாவும் எண்ணால் அளக்கப்பட்டது. கிம் ஹெர்சிக் முதலானோர் ஐந்து திறந்த மூலத் திட்டங்களின் 7,000க்கும் மேற்பட்ட அறிக்கைகளை ஒவ்வொன்றாகப் படித்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், வழு எனக் குறிக்கப்பட்டவற்றுள் 33.8 விழுக்காடு தவறாக வகைப்படுத்தப்பட்டவை என்று கண்டனர். புது வசதிக்கான வேண்டுகோள், ஆவணத் திருத்தம், உள்கட்டமைப்பு மாற்றம் எனப் பலவும் வழுவென நின்றன. இதன் உச்ச எடுத்துக்காட்டு உபுண்டுவின் லாஞ்ச்பேட் பதிவேட்டில் உள்ளது. 2004இல் மார்க் ஷட்டில்வொர்த் பதிந்த அதன் முதல் வழு, சந்தையில் மைக்ரோசாஃப்ட் பெரும்பான்மைப் பங்கு கொண்டிருக்கிறது என்பதே. 2013இல் அவரே அதை மூடினார். பதிவேடு விண்ணப்பமாகவும் அறைகூவலாகவும் ஆகக்கூடியது என்பதை அதன் உரிமையாளரே காட்டிவிட்ட பிறகு, பயனரை மட்டும் குறை சொல்வது முறையன்று.

இயந்திரத்தின் வாக்குமூலமும் அகன்ற கதவும்

பயனரால் தர இயலாததை இயந்திரமே தரட்டும் என்ற எண்ணம் மற்றொரு வழியைத் திறந்தது. க்னோமின் பக்-பட்டி, கேடிஈயின் டாக்டர் கோன்க்கி, உபுண்டுவின் அப்போர்ட், விண்டோஸின் பிழையறிவிப்பு அமைப்பு ஆகியவை செயலி முடங்கிய கணத்தில் அழைப்புத் தடத்தைத் தாமே திரட்டின. இயந்திரம் முறிந்த இடத்தைச் சொல்லும். முறியாமலே தவறாக நடந்துகொள்ளும் வழுக்களை, குறிப்பாகப் பொருளையும் மொழியையும் சார்ந்த வழுக்களை, அது அறியாது. உயிர்மெய்யெழுத்தின் ஒற்றைக்கொம்பு மெய்யெழுத்திற்கு முன் வராமல் பின் வந்து நின்றால் எந்தச் செயலியும் முடங்குவதில்லை. அதை வழுவென அறிய ஒரு தமிழ் வாசகர் வேண்டும்.

2008இல் தொடங்கிய கிட்ஹப் அடுத்த ஆண்டில் கொண்டுவந்த பதிவேடு எதிர்த்திசையில் சென்றது. தலைப்பு, உடல், ஒட்டுச்சீட்டு. வேறு கட்டங்கள் இல்லை. பயனர் வரலாற்றில் இவ்வளவு எளிய வாயிலைக் கண்டதில்லை. சுமை மறுபுறம் சாய்ந்தது. 2016 ஜனவரியில் திட்டப் பராமரிப்பாளர் பலர் கிட்ஹப்பிற்குத் திறந்த மடல் எழுதினர். பதிப்பும் படிகளும் இன்றி வரும் அறிக்கைகள், ‘எனக்கும்’ என்று மட்டும் சொல்லும் எண்ணற்ற மறுமொழிகள் ஆகியன அவர்களின் முறையீடு. அடுத்த மாதமே அறிக்கை வார்ப்புருக்கள் அறிமுகமாயின. மார்ச்சில் மறுமொழிக்கு மாற்றான உணர்வுக்குறிகள் வந்தன. பக்சில்லாவின் கட்டங்களைத் துறந்து தொடங்கிய அமைப்பு எட்டு ஆண்டுகளுக்குள் கட்டங்களைத் தேடி வந்தது.

குவியலைக் குறைக்கக் கையாளப்பட்ட இன்னொரு வழி, பழைய அறிக்கைகளைப் படிக்காமலே மூடுவது. 2003இலேயே மோசில்லாவின் தொடக்ககால நிரலாளர் ஜேமி ஜவின்ஸ்கி, க்னோம் திட்டத்தில் தம் அறிக்கைகள் புதுப்பதிப்பு வந்ததைக் காரணமாக்கித் தீர்க்கப்படாமலே மூடப்பட்டதைக் கடுமையாகச் சாடினார். லாஞ்ச்பேட்டில் ‘நிறைவுறாதது’ எனக் குறிக்கப்பட்ட அறிக்கை 60 நாள் விடையின்றிக் கிடந்தால் காலாவதியாகும் வகை உண்டு. நாள் எண்ணும் பொறிநிரல், பயனர் மறுமொழி தராததற்கும் வழு இல்லாததற்கும் வேறுபாடு காண்பதில்லை.

ஆலமரத்தடியும் பதிவேடும்

விக்கிமீடியாவின் நிலை இவ்வினாவைத் தமிழுக்கு நேரே கொண்டுவருகிறது. 2004 முதல் விக்கிமீடியா தனக்கெனப் பக்சில்லாவை நடத்தியது. விக்கிப்பீடியாவில் பல்லாண்டு எழுதிவருபவரும் வழுவை அறிவிக்கத் தனிக்கணக்குத் தொடங்க வேண்டியிருந்தது; அங்கே அவரின் அடையாளம் மின்னஞ்சல் முகவரி. 2014 நவம்பரில் அப்பதிவேடு ஃபேப்ரிக்கேட்டருக்கு மாற்றப்பட்டபோது விக்கிக் கணக்கைக் கொண்டே நுழைய வழி ஏற்பட்டது. பழைய அறிக்கைகளும் கைவிடப்படவில்லை. ஒவ்வொன்றின் எண்ணுடனும் 2000 கூட்டிப் புதிய எண் தரப்பட்டதால், பத்தாண்டுப் பழமையான மேற்கோள்களும் உரிய இடத்தைச் சென்றடைகின்றன. இத்தகைய எளிய கணக்கு, ஆவணக்காப்பில் ஈடுபட்டோர் பாராட்டத்தக்கது.

ஆயினும் ஃபேப்ரிக்கேட்டரில் உரையாடல் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நிகழ்கிறது. தமிழ் விக்கிப்பீடியர் தம் குறையை முதலில் சொல்லும் இடம் ஆலமரத்தடி என்னும் பொது உரையாடல் பக்கம். ‘தொகுப்புப் பெட்டியில் எழுத்து சிதைகிறது’ என்று ஒருவர் அங்கே தமிழில் எழுதுவார். வேறொருவர் எந்த உலாவி, எந்தத் தோல், எந்த விசைப்பலகை முறை என்று கேட்பார். பின்னர் ஆங்கிலமும் நுட்பமும் அறிந்த ஒருவர் அதைப் பதிவேட்டில் அறிக்கையாக்குவார். மறுதிசைப் பயணத்திற்கு, 2013 முதல் வாரந்தோறும் வெளிவரும் நுட்பச் செய்திமடல் பல மொழிகளில் பெயர்க்கப்படுகிறது. நுட்பத் தூதுவர் என்ற பொறுப்பும் அத்திட்டங்களில் வகுக்கப்பட்டது. நிறுவனச் சேவைப் பணியாளர் செய்ததும், 1999இல் மோசில்லாவின் தன்னார்வலர் செய்ததும் இதே பணியே. இங்கே மொழி கடத்தல் என்ற சுமையும் அதனுடன் சேர்கிறது.

இப்பணியைப் பதிவேட்டின் கட்டமைப்பு இன்னும் அறியவில்லை. அறிக்கையின் ‘ஆசிரியர்’ கட்டத்தில் நிற்பது இடைநின்று எழுதியவரின் பெயர். வழுவைக் கண்டவர், எழுதியவர் தாமே முன்வந்து ஆலமரத்தடிக்கு இணைப்புத் தந்தாலன்றி அங்கே இடம்பெறுவதில்லை. நிரலாளர் கேட்கும் கேள்வியும், திருத்தம் வெளியான அறிவிப்பும் ஆசிரியருக்கே செல்கின்றன. அவர் விக்கியை விட்டு ஒதுங்கிய காலத்தில் கேள்வி விடையின்றி நிற்கிறது. எழுத்து சிதைவதைக் கண்டவரோ, தம் சொல் பதிவேட்டை அடைந்ததா என்பதையும் அறியாமல், அதே தொகுப்புப் பெட்டியில் தொடர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார்.